இருநூற்றொன்று

...சர்வர் அனுப்புகிற பதில் எண்களில் இருநூறு என்றால் சரி, அவ்வளவுதான், காதில் விழுந்தது என்கிற சரி, அதை நம்பி ஸ்டோர்ஸ் பெண்கள் எத்தனை நேரம் நிற்பார்கள், பெட்டியின் பார்கோடைக் காட்டிப் பட்டனை அமுக்குகிறார்கள், சர்வர் அந்தப் பெட்டிக்கு ஒரு பதிவை உண்டாக்கிவிட்டு வெறுமனே இருநூறு என்று பதில் அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்கிறது, உண்டானதா இல்லையா, உண்டானது எங்கே இருக்கிறது, ஒரு தகவலும் இல்லை, மறுபடி அமுக்காமல் என்ன செய்வார்கள் பாவம். இப்போதுதான் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் பரசுராமன் போனில் கத்தினார். “இன்னாப்பா இசக்கிபாண்டி, உன் ப்ரோகிராம்ல ஒரே பொட்டி மூணு தபா ஏறிக்கினு கீது!” போனை வைக்கப் போனவர், “நாளைக்கு அமலா வேற லீவு. வாலாஜாபாத்துலேந்து பொண்ணு பாக்க வராங்களாம்” என்றார், ஆள் குறைகிற கவலை அவருக்கு. இசக்கிபாண்டி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

பொண்ணு பார்க்க... அப்படியானால் அந்தச் சரி? போன வெள்ளிக்கிழமை ஷிப்ட் விட்ட நேரத்தில், எட்டு மாதம் மனசுக்குள்ளேயே ஒத்திகை பார்த்ததை, “அமலா, உங்களத்தான் கட்டிக்கிடணும்னு இருக்கேன்” என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டான், அதற்கு அவள் சொன்ன சரி எந்தச் சரி, காதில் விழுந்தது என்கிற சரியா, சம்மதம் என்கிற சரியா, ஒரு வாரமாக அதையே மென்றுகொண்டிருக்கிறான், மறுபடி கேட்கவும் பயம், ஏற்கெனவே சம்மதித்திருந்தால் இவன் என்ன நம்பிக்கையில்லாதவன் என்று நினைக்க மாட்டாளா... மணி இரண்டு பத்து. இரண்டரைக்குச் சேரப்பணஞ்சேரி போகிற கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவாள், நாளைக்கு யாரோ ஒருத்தன் முன்னால் காபித் தட்டோடு நிற்பாள். அவள் வேண்டும், அவள்தான் வேண்டும், இதைச் சொல்ல என்ன கூச்சம்.

முதலில் வேலையை முடி. ப்ரோகிராமில் இருநூற்றை அழித்து இருநூற்றொன்று என்று மாற்றினான், உண்டாகிவிட்டது என்று அர்த்தம், அது மட்டும் போதாது, கூடவே லொகேஷன் என்று ஒரு வரி போக வேண்டும், பதிவு எந்த முகவரியில் இருக்கிறது என்று உண்டாக்கினவன்தான் சொல்ல வேண்டும், கேட்டவர்கள் அங்கே போய்ப் பார்க்க வேண்டாமா, எங்கே என்று தெரியாமல்... எங்கே... அன்றைக்கு அவள் வெறும் சரி மட்டுமா சொன்னாள்? “சரி, எங்க?” என்றல்லவா கேட்டாள். கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, பஸ்ஸைத்தான் கேட்கிறாள் என்று, “அந்தா, கேட் பக்கத்துல நிக்குல்லா” என்று கையை வேறு நீட்டினானே, மடையன், தினம் ஏறுகிற பஸ் எங்கே நிற்கும் என்று அவளுக்குத் தெரியாதா, ஒரு நிமிஷம் அவன் முகத்தையே பார்த்தாள், பிறகு போய் ஏறிக்கொண்டாள். சம்மதித்துவிட்டுத்தானே கேட்டிருப்பாள், எங்கே குடித்தனம் என்று. பதில் பாக்கி அவளிடம் இல்லை, தன்னிடம்தான்... எழுந்துவிட்டான், கேட்டை நோக்கி நடக்கிறான், ஓடுகிறான், ஆறு பேர் ஷிப்ட் மாற்றி ஒரே பாயில் படுக்கிற ஒரகடத்து அறையைத் தவிர அவனுக்கு என்ன இருக்கிறது, அவள் இன்னொரு முறை எங்கே என்று கேட்டால்...