எந்தச் செடியில் இருந்தது?

இரண்டு வருடம் கழித்து அக்காவிடமிருந்து வந்த முதல் செய்தி ஒரு புழுவின் படம். பச்சை உடம்பு, தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண்பொட்டு, வால் பக்கம் சின்னக் கொம்பு. கீழே ஒரே வரி: "இது என்ன புழு? மருந்து அடிக்கணுமா?"

பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தோட்டக்காரர்கள் புட்டியில் அடைத்து அனுப்பும் புழுக்களுக்குப் பெயர் சொல்வதுதான் ஆய்வுக்கூடத்தில் என் வேலை. ஆனால் பெயரைச் சொன்னால் 'சரி' என்று எழுதுவாள், அதோடு முடிந்துவிடும். அம்மாவின் கடைசி நாட்களில் நான் வேலையை விட்டு வரத் தாமதித்தபோது, "அம்மாவைவிடப் புழு பெரிசாப் போச்சா உனக்கு?" என்று கேட்டவள், பிறகு பேசவே இல்லை.

"மருந்து வேண்டாம். எந்தச் செடியில இருந்துச்சு?" என்று எழுதினேன்.

யாரிடமும் நாங்கள் முதலில் கேட்பது அதுதான். பல புழுக்கள் ஒரே ஜாடையில் இருக்கும். சாப்பாட்டில் மட்டும் மகா பிடிவாதம். தனக்குப் பழகாத இலையை வைத்தால் பட்டினி கிடக்குமே தவிர வாய் வைக்காது. தாய்ப்பூச்சியே இலையைக் காலால் தொட்டு ருசி பார்த்துவிட்டுத்தான் முட்டையிடும். செடி தெரிந்தால் பாதிப் பெயர் தெரிந்த மாதிரி.

"அரளி. பால்கனித் தொட்டி." கூடவே படம். தொட்டிக்குப் பின்னால் ஒரு பச்சைக் கதவு. அக்காவின் வீட்டில் பால்கனியே கிடையாது. வீடு மாறியிருக்கிறாள்.

மறுநாள் சனிக்கிழமை. புழுவைக் கிளையோடு அட்டைப்பெட்டியில் வைத்து, எச்சத்தைப் படமெடுக்கச் சொன்னேன்.

"ரெண்டு வருஷம் கழிச்சு என்கிட்ட கேக்கறது இதுவா? புழுவோட பீயா?"

"அதுல கோடு இருக்கான்னு பாக்கணும்க்கா."

"நல்லா வந்து வாய்ச்சே எனக்கு, புழுக்காரி!"

அனுப்பினாள். குட்டி அன்னாசிப்பழம் போல, நீளவாக்கில் வரி ஓடிய உருண்டைகள். ஞாயிற்றுக்கிழமை புழுவின் பக்கவாட்டு மூச்சுத்துளைகளைப் படமெடுக்கச் சொன்னேன். பதினொரு படங்கள் வந்தன. ஒன்றில் அவள் கட்டைவிரல். அம்மாவுடையதைப் போலவே அகலமான நகம். அந்தப் படத்தில் மூச்சுத்துளை எதுவும் தெரியவில்லை. அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை அவளாகவே எழுதினாள்: "புழு பழுப்பாயிருச்சு. சாப்பிடல. பெட்டிய சுத்திச் சுத்தி வருது. புது இலை வெச்சிட்டே இருக்கேன். சாகப் போகுதா?"

இன்னொரு கேள்வி கேட்டால் எனக்கு இன்னொரு நாள் கிடைக்கும். வெறும் அட்டைக்குள் அலையும் புழுவுக்கு அந்த நாள் இல்லை. போன் செய்தேன்.

"சொல்லு," என்றாள். அதே குரல், கொஞ்சம் கரகரப்பு.

"அது பசியில அலையலக்கா. சாப்பிட்டு முடிச்சிருச்சு. பதுங்கிக் கூட்டுப்புழுவாக இடம் தேடுது. பெட்டியில மண்ணு போட்டு, மேல காய்ஞ்ச இலையைப் பரப்பு. அப்புறம் தொடாதே. அரளிப்பால் விஷம், கையை நல்லாக் கழுவு."

சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. தொட்டியடியில் பொறுக்குகிறாள் போல. பிறகு, "உள்ள போயிருச்சு," என்றாள்.

"அரளி அந்துப்பூச்சி. அதான் பேரு."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் படத்துலயே."

"அப்ப எதுக்குடி பீயெல்லாம் படமெடுக்க வெச்சே?"

தெருவில் ஏதோ வண்டி போனது. என் தெருவா அவள் தெருவா என்று தெரியவில்லை.

"பதிவேட்டுல எழுதணும்க்கா," என்றேன். "செடி, தேதி எல்லாம் எழுதிட்டேன். இடம் எழுதாட்டி பதிவு செல்லாது. எந்த இடம்?"

"பூச்சி வெளிய வர எத்தனை நாளாகும்?"

"பன்னிரண்டு நாள். ஒண்ணு ரெண்டு கூடக் குறைய."

"வரட்டும். வந்தா சொல்றேன்." வைத்துவிட்டாள்.

இடம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். நாட்காட்டியில் பன்னிரண்டு நாட்களை விரலால் தள்ளிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று எனக்கு வேலை இல்லை.