கடைசி வரியில் கோசலா

1

ஹட்டனில் ஒரு கணினி அச்சுக் கடைக்கு என் புத்தக அட்டைக்காகப் போயிருந்தேன். அட்டை இன்னும் வரவில்லை, இந்தக் கதைதான் கையில் கிடைத்தது. அங்கே பக்கம் வடிவமைக்கும் வினோதா சொன்னது பாதி, மீதி என் கைச்சரக்கு. முதலில், ‘மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு’ என்று தொடங்கினேன். இங்கே எப்போதுதான் கொட்டவில்லை? வெட்டிவிட்டேன்.

2

பக்கத்து டிக்கோயாவில் நல்லமுத்து என்பவர் இறந்துபோனார். வீட்டை மீறிக் கல்யாணம் செய்து ராகலைக்குப் போன மகள் கோசலாவின் பெயரும் தன் மரண அறிவித்தலில் வரவேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. மகன் விஜிதரன் அரைமனதாக எழுதிக் கொடுத்தான். பெயர் இல்லாவிட்டால் அவள் எந்த முகத்தோடு வாசலை மிதிப்பாள்? வினோதா கடைசி வரியில் அதைப் போட்டு, போஸ்டர் அடிக்கும் அச்சகத்துக்கு அனுப்பினாள்.

அச்சாகி வந்ததில் கோசலா இல்லை.

3

வினோதா கோப்பைத் தேடி எடுத்தாள். தன் கணினியில் திறந்தால் பெயர் இருக்கிறது. மூடித் திறந்தாலும் இருக்கிறது. அச்சகத்துக்கு ஓடினாள். அவள் பயன்படுத்திய எழுத்துரு அங்கிருந்த கணினியில் இல்லை. கணினி யாரையும் கேட்காமல் வேறொன்றைப் போட்டுக்கொண்டிருந்தது. அது அகல எழுத்து. வரிகள் நீண்டு கீழே இறங்க, கடைசி வரி கட்டத்துக்கு வெளியே போய் மறைந்துவிட்டது. எழுத்துருவையும் கோப்போடு சேர்த்து அனுப்பியிருக்க வேண்டும். சாவு வீட்டு அவசரத்தில் விட்டுவிட்டாள்.

(இங்கேயே நிறுத்த எனக்கு ஆசை. குற்றவாளி கணினி, யாருக்கும் மனஸ்தாபம் இல்லை.)

சரிசெய்துவிட்டு விஜிதரனை அழைத்தாள். மறுபடி அடித்துத் தருவதாகச் சொன்னாள்.

“வேணாம் மிஸ். பேரு விட்டுப்போனது போனதாவே இருக்கட்டும்.”

இவனை வில்லனாக்கிவிட்டால் கதை சுலபம். ஆனால் படுக்கையில் கிடந்த அப்பாவைக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டவன் இவன்தான். அவன்மேல் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

4

ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் சுவரில் போஸ்டரைப் பார்த்த கோசலா, அதன் அடியில் இருந்த கடைப் பெயரை விசாரித்து நேரே வந்தாள்.

“அண்ணன்தான் என் பேரை எடுக்கச் சொன்னாராக்கா? அப்படின்னா நான் இப்படியே திரும்பிர்றேன்.”

முடிவு ஒன்று: கணினிக் கோளாறு என்கிறாள் வினோதா. பொய்யில்லை. கோசலா நம்பிப் போகிறாள், வாசலில் அண்ணன் அவளை

முடிவு இரண்டு: எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். கோசலா அப்பன் முகம் பார்க்காமலே பஸ்ஸில்

இரண்டையும் முடிக்க எனக்குக் கை வரவில்லை. உண்மையில் என்ன சொன்னாய் என்று வினோதாவைக் கேட்டேன். வேலை கிடக்கிறது என்று திரும்பிக்கொண்டாள்.

டிக்கோயாவில் சாவுக்குத் தப்பு மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். கோசலா உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சொல்லுங்கள்.