செருமினால் அமத்தவும்

மரக்கறி வெட்டும் கத்தியால் பிளாஸ்ரிக்கைச் சீவுகிற ஒரு மனிதனைத் தக்ஷினி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். அந்த மனிதன் அவளுடைய கணவனாக இருந்ததுதான் கொடுமை. வெங்காயம் அரியும் பலகை முழுக்கக் கறுப்புச் சீவல்கள். மின்சாரச் சைக்கிளின் புதுப் பிரேக் பிடியிலிருந்து வந்த வயரின் முனையில் மூன்று ஊசிகள். அது போய்ச் செருக வேண்டிய இடத்தில் இரண்டே துளைகள். பொருந்தாது என்று கண்ணுள்ள எவருக்கும் தெரியும். கீர்த்திகன் ஓரங்களைச் சீவி, தம் பிடித்து அழுத்தினான். உள்ளே ஏதோ மளுக்கென்றது. அதுவும் சரிவராமல் போக, வயரின் தோலைப் பல்லால் உரித்து முறுக்கிப் பார்த்தான். உரித்த துண்டைக் குசினி நிலத்திலேயே துப்பினான். கடைசியில் கறுத்த டேப்பை எடுத்து எல்லாவற்றையும் சுற்றி மூடிவிட்டான்.

"சீ, என்னப்பா இது?" என்றாள்.

"கத்தாதையும். படம் எடுக்கவேணும்."

படம் என்றால் அவனுடைய யூடியூப் படம். பின்சில்லு நிலத்தில் முட்டாமல் ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிளுக்கு முன்னால் போனை வைத்துவிட்டு, "அன்பான உறவுகளே" என்று தொடங்குவான். வீட்டில் ஒருநாளும் கேட்டிராத தேன் அந்தக் குரலில் ஒழுகும். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு வாடகை வீட்டுக் குசினிக்குள் நின்றுகொண்டு, உலகத் தமிழருக்கெல்லாம் வழிகாட்டுகிற நினைப்பு. ரொறொன்ரோக் கடைக்காரர் ஒருவர் இந்தப் பிடிகளைச் சும்மா அனுப்பியிருந்தார், படத்தில் காட்டச் சொல்லி. பொருந்தவில்லை என்று சொன்னால் அடுத்த சாமான் வராது. வேறொன்றுமில்லை, இவ்வளவுதான் விஷயம்.

"பிடியைத் தொட்ட உடனே மோட்டர் நிக்கும், உறவுகளே. பிரேக் இறுக முந்தியே நிக்கும். அதுக்குப் பேர்தான் கட்-ஓஃப்" என்று போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, ஒரு கைப் பெருவிரலால் மோட்டரை ஓட்டுகிற த்ரொட்டிலை அமத்தி, மற்றக் கையால் பிடியைத் தொட்டான். பின்சில்லு நிற்கவில்லை. அது தன்பாட்டில் சுற்றியது. இன்னொரு தடவை தொட்டான். அப்போதும் சுற்றியது. சிரிப்பு மட்டும் அவன் முகத்தில் அப்படியே ஒட்டியிருந்தது.

போனை நிறுத்தினான். "இஞ்ச வாரும். சைக்கிளுக்கு அங்கால குந்தும். பற்றரிச் சுவிச்சில கையை வையும். படத்தில விழாது. நான் செருமினா அமத்தும்."

தக்ஷினிக்கு உடனே விளங்கவில்லை. அவள் சுவிச்சை அமத்தி மோட்டரை நிறுத்த, பிரேக்தான் நிறுத்தியது போலப் படத்தில் தெரியும் என்று பிறகுதான் விளங்கியது. ஆனாலும் போய்க் குந்தினாள். படம் முடிந்தால் கழற்றிச் சரியாகப் பூட்டுவான் என்று நினைத்தாள். அவன் செருமினான், அவள் அமத்தினாள், சில்லு நின்றது. "பாத்தீங்களா உறவுகளே?" என்றான் வாய் கூசாமல்.

"இனி சரியாப் பூட்டுவியள்தானே?"

"ஏன்? பிரேக் பிடிக்குது, காணாதே?"

"கிரி ஓடப்போற சைக்கிளப்பா."

கிரி அவளுடைய தம்பி. அகதிக் கோரிக்கையோடு வந்து, முன்னறையில் படுத்து, வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன். பின்னேரம் இதே சைக்கிளில் பார்க் அவெனியூவில் ரயில் பாதைக்குக் கீழே இறங்குகிற சரிவில் போவான். பனி உருகிய ஈரம், பள்ளம், பின்னால் பஸ். அவன் பிரேக்கை அழுத்த அழுத்த மோட்டர் முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும்.

"அவனென்ன குழந்தையே? த்ரொட்டிலை விட்டா நிக்கும். நீர் பெரிய எஞ்சினியர் மாதிரிக் கதைக்காதையும்." கீர்த்திகன் கருப்பெண்ணெய்க் கையை அவளுடைய வெள்ளைத் துவாயில் துடைத்தான்.

துவாயைப் பார்த்தாள், பிறகு அவனுடைய நகங்களைப் பார்த்தாள். இந்தக் கையாலா இத்தனை வருடம் சோறு வாங்கித் தின்றோம் என்று இருந்தது. கிரியிடம் தனியாகச் சொல்லலாம். சொன்னால் நேரே போய் அத்தானிடம்தான் கேட்பான். அத்தான் சிரித்துக்கொண்டு, "உன்ர அக்காவுக்கு என்னடா தெரியும்" என்பான். அதோடு சரி. படுக்க இடம் கொடுத்த அத்தான் அவனுக்குத் தெய்வம்.

அந்தத் தெய்வ பக்தனும் அப்போதே வந்து சேர்ந்தான். சப்பாத்தைக் கழற்ற முந்தியே, "எடுத்த படத்தைக் காட்டுங்கோ அத்தான்" என்றான். பார்த்தான். முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "தொட்ட உடனே நிக்குது! அக்கா, பாத்தீங்களே? இனி எனக்கு அந்தச் சரிவில பயமில்லை."

தக்ஷினி பலகையிலிருந்த கறுப்புச் சீவல்களை வழித்துக் குப்பையில் போட்டாள்.

"வா தம்பி, நீயே பிடிச்சுக் காட்டு. ஓடுற ஆள் காட்டினாச் சனம் நம்பும்" என்றான் கீர்த்திகன். சொல்லிவிட்டு, கிரிக்குத் தெரியாமல் அவளுக்குக் கண்ணைக் காட்டினான். கிரியின் கண் போனில் இருந்த நேரம், அவள் சைக்கிளுக்கு அந்தப் பக்கம் போய்க் குந்தினாள். கிரி போன் கண்ணாடியில் தலையைக் கோதிக்கொண்டு வந்து நின்றான். பெருவிரலால் த்ரொட்டிலை அமத்தினான். சில்லு வேகமெடுத்தது.

"வணக்கம் உறவுகளே" என்று வெட்கப்பட்டுச் சொல்லி, பிடியைத் தொட்டான்.

கீர்த்திகன் செருமினான்.

சுவிச்சின் மேல் அவளுடைய விரல் இருந்தது. அமத்த ஒரு நொடி போதும். தம்பியின் கால்களைச் சில்லுக் கம்பிகளுக்கூடாகப் பார்த்தாள். சப்பாத்தின் ஈரம் நிலத்தில் வடிந்திருந்தது.

மறுபடி செருமினான். நெஞ்சுச் சளியைக் காறுகிறவன் மாதிரி, பலமாக.

"நிக்கேல்லை அத்தான்" என்றான் கிரி.

"கொஞ்சம் இறுக்கிப் பிடி!"

கிரி இறுக்கினான். பிரேக் கட்டை சில்லைக் கவ்வியது. மோட்டர் விடவில்லை. உறுமிக்கொண்டு இழுத்தது. சைக்கிள் முழுதும் ஸ்டாண்டோடு நடுங்கியது. ரப்பர் கருகிய மணம் குசினியெங்கும் எழும்பியது.

"அமத்துமன்! சுவிச்சை அமத்தும்!" கீர்த்திகன் போனுக்குப் பின்னாலிருந்து கத்தினான்.

கிரி திரும்பி அவனைப் பார்த்தான். பிறகு சைக்கிளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். அக்கா குந்தியிருந்தாள். அவளுடைய கை பற்றரியில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"அந்தப் படத்தில நிண்டது... நீங்களே நிப்பாட்டினது?"

"ஓம்" என்றாள் தக்ஷினி.

கிரி பிரேக்கை மெல்ல விட்டான். த்ரொட்டிலில் இருந்த மற்றக் கைப் பெருவிரலை எடுக்க மறந்துபோய் நின்றான். கவ்வல் விட்டதும் சில்லு முன்னைவிட வேகமாகச் சுற்றத் தொடங்கியது. அதன் காற்று தக்ஷினியின் முகத்தில் அடித்தது, கருகல் மணத்தோடு. போனின் சிவப்புப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.