தலையில் கவிழ்த்த தண்ணீர்

1920களில் சிகாகோவில் சட்டம் போட்டு மதுவை ஒழித்திருந்தார்கள். கறுப்பர்கள் வாழும் தெற்குப் பக்கத்து நடனக் கூடங்களில் அது தேநீர்க் கோப்பையில் வந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்படியொரு கூடத்தில் போலீஸ் புகுந்தது.

கோப்பைகளை உடைத்துக்கொண்டு வந்த சார்ஜென்ட் மூலை மேசையைப் பார்த்ததும் நின்றான். டிரம்பெட் வாசிக்கும் ராஸ்கோவின் கறுத்த கை, லவீனியாவின் வெளுத்த கைக்குள் இருந்தது.

"வெள்ளைக்காரப் பொண்ணு கேக்குதோ உனக்கு?" தடி ராஸ்கோவின் தோளில் இறங்கியது. "வண்டியில ஏத்துங்கடா. ஸ்டேஷன் போய்ச் சேர்றானான்னு பாப்போம்."

அதன் அர்த்தம் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். முன்பு அப்படி ஏற்றப்பட்ட ஒருவன் ஆற்றில் மிதந்தான்.

லவீனியா எழுந்தாள். "சார், நான் வெள்ளைக்காரி இல்ல. நிறம்தான் வெளுப்பு. நானும் இவங்க ஜனம்தான்."

சார்ஜென்ட் சிரித்தான். "காதல் முத்திப்போச்சு பாரு!"

அப்போது ஹில்டா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வெள்ளைக்காரி. அவளும் லவீனியாவும் ஒரே கடையில் தொப்பி விற்பவர்கள். ஒரே நாளில் கூந்தலைக் கழுத்தளவு வெட்டிக்கொண்டு, முழங்கால் தெரியும் கவுன் வாங்கியவர்கள். சிநேகிதியைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னாள்: "பயத்துல உளறுறா சார். எங்க கடையில கறுப்பங்களத் தொப்பியத் தலையில வச்சுப் பாக்கக்கூட விடமாட்டாங்க. வேலைக்கா எடுப்பாங்க? இவ சுத்தமான வெள்ளை. சத்தியம்!"

"கேட்டியா?" என்றான் சார்ஜென்ட். ராஸ்கோவுக்கு விலங்கு பூட்டினார்கள்.

லவீனியா ஹில்டாவை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த ஐஸ் தண்ணீர்க் கூஜாவைத் தூக்கித் தன் தலையில் கவிழ்த்தாள்.

வாரந்தோறும் காய்ச்சிய இரும்புச் சீப்பால் இழுத்து இழுத்து நேராக்கிய முடி அது. ஈரம் பட்டதும் எல்லோர் கண்முன்னும் சுருங்கி, சுருண்டு, ராஸ்கோவின் முடியைப் போலப் பிறந்தபடி ஆயிற்று. சமையற்கட்டு வாசலில் நின்ற கறுப்புப் பெண்மணி, "கர்த்தாவே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சார்ஜென்ட் காறித் துப்பினான். "ச்சீ! விட்டுத் தொலைங்க. அதுகளுக்குள்ள என்ன பண்ணினா நமக்கென்ன?"

விலங்கைக் கழற்றி, ராஸ்கோவை வாசலுக்கு உதைத்துத் தள்ளினார்கள்.

தெருவில் ஏரிக்காற்று கத்தியாக அறுத்தது. ராஸ்கோவோடு வெளியேறிய லவீனியாவின் பின்னாலேயே ஹில்டா ஓடி வந்தாள்.

"ஒரே தட்டுல தின்னோமேடி, பாவி! போன வாரம் கடைக்கு வந்த ஒரு கறுப்பம்மாவத் தொப்பியத் தொடாதேன்னு விரட்டினதே நீதானே?"

"ஆமா. நான்தான்."

"இனி கடைப்பக்கம் வந்துராத. நான் சொல்லலேன்னாலும் தெரிஞ்சிரும்."

"வரல, ஹில்டா."

லவீனியாவின் பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன. ராஸ்கோ தன் கோட்டைக் கழற்றப் பார்த்தான். அடிபட்ட தோள் எழவில்லை. ஹில்டா திட்டிக்கொண்டே தன் தொப்பியைக் கழற்றினாள்.

"சனியனே, ஜன்னி வந்து சாகப்போற!" அந்த ஈரத்தலையில் காதுவரை இழுத்து மாட்டிவிட்டாள்.

டிராம் வந்தது. ராஸ்கோவோடு ஏறும்போது லவீனியா தொப்பியைத் திருப்பிக் கொடுத்தாள். "உள்ள குளிராது. நீதான் நடக்கணும்."

கூடத்து வாசலிலிருந்து சார்ஜென்ட் கத்தினான்: "ஏ பொண்ணே, அவ தலையில பட்ட தொப்பி அது, குப்பையில போடு!"

தொப்பியின் உள்பக்கம் நனைந்திருந்தது. ஹில்டா அதைப் பார்த்தாள். சார்ஜென்ட்டைப் பார்த்தாள். அவளால் அன்று முடிந்தது கொஞ்சம்தான். கடவுள் அதைச் சிறிதென்று தள்ளியிருக்க மாட்டார்.

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். நெற்றியில் வழிந்த தண்ணீரை அவள் துடைக்கவில்லை.