எட்டுக்குப் பதிலாக ஏழு

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள் முன்பின் தெரியாத ஆண்களின் முகத்தைக் கையால் தொட்டுத்தான் ஆகவேண்டும். வேறு வழியில்லை. ஃபிரேமை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் விரலை விட்டு, வளைவு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்க, ஒரு முழத் தூரத்தில் நின்று கண்ணுக்குள்ளேயே பார்க்க வேண்டும். "நேராப் பாருங்க சார், என் கண்ணைப் பாருங்க" என்று நான் சொல்வது கையில் ஸ்கேலைப் பிடித்துக்கொண்டுதான். சில பேருக்கு அந்த ஸ்கேல் கண்ணில் படுவதே இல்லை.

பில் போடும்போது ஆரம்பிப்பார்கள். "மேடம், உங்க நம்பர் குடுங்களேன். கண்ணாடியில ஏதாவது சந்தேகம்னா கேக்கலாம்ல." கண்ணாடியில் என்னய்யா சந்தேகம்? மாட்டினால் தெரியும், கழற்றினால் தெரியாது. கடை நம்பர் பில்லிலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது. "அது கடை நம்பருங்க, உங்க நம்பர்..." என்று இழுப்பார்கள். முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்று சொன்னால் முதலாளியிடம் புகார் போகும். ஒருமுறை போயிருக்கிறது. கஸ்டமர் மனசு நோகக்கூடாதாம். என் மனசு என்ன, ரப்பரா?

அதனால் ஒரு நம்பர் வைத்திருந்தேன். என் நம்பரேதான், கடைசியில் எட்டுக்குப் பதிலாக ஏழு. வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட முடியாது. "ஒரு மிஸ்டு கால் விடறேன், என் நம்பரும் உங்ககிட்ட இருக்கட்டும்" என்று எதிரிலேயே நின்று அழுத்திப் பார்க்கிற ஆட்கள் இவர்கள். மணி அடிக்கவும் வேண்டும், யாரும் எடுக்கவும் கூடாது. ஏழாம் நம்பர் அதற்கென்றே பிறந்தது. கடை நேரத்தில் எப்போது கூப்பிட்டாலும் ரிங் போகும், ஒருவரும் எடுக்கமாட்டார்கள். "போன் உள்ளே டிராயர்ல இருக்கு சார், முதலாளி உத்தரவு" என்பேன். ஆசாமி திருப்தியாகப் போய்விடுவார். வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி நாக்குக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஏழுதான் வரும்.

இப்படி இருக்கையில் நாய் வாத்தியார் வந்தார். வீடு வீடாகப் போய் நாய்களுக்கு நல்ல பழக்கம் சொல்லிக் கொடுப்பது அவர் தொழில். முதல் தடவை வந்தபோது ஒரு ஃபிரேமை மேசைமேல் வைத்தார். ஒரு கால் இல்லை. மறுகால் முழுக்கப் பல் தடம்.

"நாய் கடிச்சிடுச்சுங்க."

"உங்களையா?"

"என்னைக் கடிக்காது. அதுக்கு என்னைப் பிடிக்கும். கண்ணாடியைத்தான் பிடிக்கலை."

சிரித்துவிட்டேன். நான் கடையில் சிரிப்பது அபூர்வம். லென்ஸ் தேய்க்கிறவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அளவெடுக்கும்போது நாய் வாத்தியார் ஸ்கேலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைப் பாருங்கள் என்று சொன்ன பிறகுதான் பார்த்தார், பார்த்ததும் அவர் காது சிவந்துபோனது. அடுத்த மாதமும் வந்தார், இந்த முறை வேறொரு நாய். அதற்கப்புறம் எந்த நாயும் கடிக்காமலே வந்தார். திருகாணி லூசாக இருக்கிறதாம். இறுக்கமாகத்தான் இருந்தது. நானும் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒப்புக்குத் திருகிக் கொடுத்தேன்.

எனக்கு நாற்பது நெருங்குகிறது. கல்யாணப் பேச்செல்லாம் வந்து, தட்டிப்போய், ஓய்ந்து, நானும் தங்கச்சியும் ஒரு வீட்டில் நிம்மதியாக இருக்கிறோம். யாராவது வந்தால் தேவலை என்று நான் ஏங்கிக்கொண்டு இருக்கவில்லை. ஆனால் இந்த மனிதர் வேண்டும் என்று தோன்றியது. அதை மறைப்பானேன்?

ஒருநாள் அவர் கதவு வரை போய்த் திரும்பி வந்தார். "தப்பா நினைக்காதீங்க. உங்க நம்பர் கிடைக்குமா? ஒருநாள் டீ குடிக்கப் போலாமான்னு கேக்கணும். இங்க நின்னு கேட்டா உங்களுக்குச் சங்கடம். போன்ல கேட்டா, வேணாம்னா எடுக்காம விட்டுடலாம் பாருங்க."

இவ்வளவு யோசித்து யாரும் என்னிடம் நம்பர் கேட்டதில்லை. சொன்னேன். பதிந்துகொண்டார். மிஸ்டு கால் விட்டெல்லாம் சோதிக்கவில்லை, போய்விட்டார்.

அன்றைக்குக் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. நான் போனைக் குளியலறைக்குக்கூடக் கொண்டுபோனேன். தங்கச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்.

"அக்கா, எந்த நம்பரைக் குடுத்தே?"

"என்னடி கேள்வி? என் நம்பர்தான்."

"எங்கே, சொல்லு பாப்போம்."

சொன்னேன். கடைசியில் ஏழு என்று என் வாய் சொன்னது என் காதிலேயே விழுந்தது. "அடிப்பாவி" என்றாள் தங்கச்சி.

கடையில் ஆர்டர் எடுத்தபோது அவர் கொடுத்த நம்பர் இருந்தது. காலையில் முதல் வேலையாக அதைக் கூப்பிட்டேன். அப்படியொரு எண்ணே உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் மரியாதையாகச் சொன்னது. முதலில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகுதான் புரிந்தது. நாய் வளர்க்கிறவர்கள் அது தும்மினாலும் கூப்பிடுகிறார்கள், தூங்கினாலும் கூப்பிடுகிறார்கள் என்று அவரே என்னிடம் புலம்பியிருக்கிறார். கேட்கிற இடத்திலெல்லாம் கொடுக்க அவரும் என்னைப்போல ஒரு பொய் நம்பர் வைத்திருக்கிறார். நல்ல ஜோடிதான் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

தானாக அவர் கடைப்பக்கம் வருவார் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. பொய் நம்பர் என்று தெரிந்தால், வேண்டாம் என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிற ஆள் அவர். மிச்சமிருந்தது ஒரே வழி, அவருடைய நிஜ நம்பர் அந்த ஏழாம் நம்பர் போனில்தான் பதிவாகியிருக்கும். மதியம் கடையின் பின்படிக்கட்டுக்குப் போய் ஏழாம் நம்பரைக் கூப்பிட்டேன். வழக்கம்போல ரிங் போனது, யாரும் எடுக்கவில்லை. போனை டிராயரில் வைக்க மனம் வராமல் கையிலேயே வைத்திருந்தேன். டீ நேரத்தில் அது அடித்தது. மறுபடி படிக்கட்டுக்கு ஓடினேன்.

"யாருங்க? இந்த நம்பர்லேர்ந்து கால் வந்திருக்கு." பின்னால் ஏதோ இயந்திரம் உறுமி அடங்கியது.

"நான் வந்து... ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பாக்கறேங்க."

"அடேங்கப்பா! நீதானாம்மா அது?"

அவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். மெஷின் ஓடும்போது மணி அடிப்பது கேட்காதாம். டீக்கு நிறுத்தும்போது போனைப் பார்த்து, யாராவது வேலை கொடுக்கக் கூப்பிட்டிருப்பார்களோ என்று எல்லோரையும் திருப்பிக் கூப்பிடுவாராம். எடுத்தவர்களெல்லாம் கண்ணாடிக் கடை மேடத்தைக் கேட்க, அப்படித்தான் என்னைத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

"முதல்ல ராங் நம்பர்னுதான் சொல்லிட்டிருந்தேன். ஒருத்தன் நம்பலை. உன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னான் பாரு, எனக்கு வந்துச்சே கோவம்! 'நான் அவ அண்ணன்டா, பட்டறையில இருக்கேன், கையில ஸ்பேனர் இருக்கு, வா பேசலாம்'னேன். சத்தமில்லாம வச்சிட்டான். அதிலேர்ந்து எல்லாருக்கும் அதே மருந்துதான்."

என் தொல்லையை யார் தலையிலோ கட்டிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. எனக்குத் தெரியாமலே எனக்கொரு காவல் இருந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"மன்னிச்சிடுங்கண்ணா" என்றேன். அண்ணா என்பது தானாக வந்துவிட்டது.

"அட, விடும்மா. எதுக்குக் கூப்பிட்டே, அதைச் சொல்லு."

"ரெண்டு மூணு நாள் முன்னாடி ஒருத்தர் கூப்பிட்டிருப்பார். மெதுவாப் பேசுவார்."

"ஆமா, அவனுக்கும் குடுத்தேன். நல்லாவே குடுத்தேன். ஏன், திரும்பத் தொல்லை பண்றானா?"

"இல்லண்ணா. அவர் கூப்பிடணும்னுதான் நான்..."

"ஐயையோ" என்றார். "காலை உடைச்சிடுவேன்னு சொல்லிட்டேனேம்மா."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"மத்தவனெல்லாம் பட்டுனு வச்சிடுவான். இவன் வைக்கலை. 'சரிங்க, அவங்களுக்கு விருப்பம் இல்லேன்னா கூப்பிட மாட்டேன், கடைப்பக்கமும் வரமாட்டேன். பயப்பட வேணாம்னு மட்டும் சொல்லிடுங்க'ன்னான். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் வேலை ஓடலை."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணைத் துடைக்கத் துடைக்க நீர் நிற்கவில்லை. நான் மூக்கை உறிஞ்சியது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும், குரலை மாற்றிக்கொண்டார்.

"ஆளு எப்படி? விசாரிச்சியா?"

"நாயெல்லாம் அவர் பேச்சைக் கேக்குதுண்ணா."

"நாய் கேட்டா ஆச்சா? நீ கேப்பியா?"

"அதெல்லாம் மாட்டேன்."

பட்டறையே அதிர்கிற மாதிரி சிரித்தார். "சரி, அந்த நம்பரை ப்ளாக் பண்ணி வச்சிருக்கேன், எடுத்துவிடறேன். உன்கிட்ட தரவா, நானே பேசவா?"

"நீங்களே பேசுங்கண்ணா. திட்டினவங்கதானே சமாதானமும் சொல்லணும்."

"அதுவும் சரிதான். ஆனா என்னன்னு பேசறது? நான் யாரோ, நீ யாரோன்னு உண்மையைச் சொல்லிடவா?"

"உண்மையைச் சொல்லிடுங்க. நம்பர் பொய்னு சொல்லுங்க, இந்த நிஜ நம்பரையும் குடுங்க. அண்ணன் மட்டும் அண்ணனாவே இருக்கட்டும்."

ஏதோ இரும்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லம்மா" என்றார். வேலை கிடக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

கடை மூடி நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது என் நிஜ நம்பருக்கு ஒரு கால் வந்தது. பின்னால் நாய் குரைத்தது. யார் என்று கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"உங்க அண்ணன் பேசினாருங்க" என்றார் நாய் வாத்தியார். "காலை உடைக்கறதா சொன்னதை வாபஸ் வாங்கிக்கிட்டாராம்."

"அப்படியா?"

"ஆனா டீ குடிக்கப் போறதுக்கு முன்னாடி என்னை ஒருதடவை நேர்ல பாக்கணுமாம். வரேன்னு சொல்லிட்டேன். எங்கேன்னு அவர்கிட்டயே கேக்க பயமா இருந்துச்சு. உங்க அண்ணன் பட்டறை எந்தப் பக்கம்?"

"எனக்குத் தெரியாதுங்க."

"சொந்த அண்ணன் பட்டறை தெரியாதா?"

"அண்ணன் முகமே தெரியாது" என்றேன். "இனிமேதான் நானும் பாக்கணும். கேட்டுச் சொல்றேன், ரெண்டு பேரும் சேர்ந்தே போலாம்."