மொட்டைமாடிச் சின்ன வீடு

மோட்டார்காரர் மேல் அவர் மனைவிக்குச் சந்தேகம் வந்ததே உப்பால்தான்.

ஐந்து மாடிக் குடியிருப்பு அது. நாற்பது வீட்டுக்கும் தண்ணீர் ஏற்றிவிடுவது அவர் வேலை. மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறையில் புருஷனும் மனைவியுமாகக் குடியிருந்தார்கள். இரண்டே வாய். ஒரு கிலோ உப்பு இரண்டு மாதம் வரவேண்டும். ஒரே வாரத்தில் காலியானது.

"உப்பு காத்துல கரையும்மா" என்றார் அவர்.

சரி, கரையட்டும். மேசை விசிறி ரிப்பேருக்குப் போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. நீலப் பூப்போட்ட படுக்கை விரிப்பு கொடியிலிருந்து பறந்துபோனதாம். கட்டிலைக் கரையான் அரித்துவிட்டதென்று போன வருஷமே கழற்றிப் பலகை பலகையாக எடுத்துப் போயிருந்தார். அன்றிலிருந்து இருவருக்கும் தரைதான்.

கட்டில், விரிப்பு, விசிறி, உப்பு. ஒரு மனுஷன் சின்ன வீடு வைக்க வேறென்ன வேண்டும்?

போதாததற்கு, தினமும் காலை ஆறு மணிக்குத் தலைவாரிப் பவுடர் பூசிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவார். ஒன்பது மணிக்கு ஈரச் சட்டையோடு இறங்கி வருவார். கேட்டால் தொட்டியைப் பார்க்கப் போனாராம். எந்தத் தொட்டி பவுடர் கேட்கும்?

அன்று காலை மூன்றாம் மாடி டீச்சர் டூத் பிரஷ்ஷும் கையுமாக வந்து நின்றாள். "அக்கா, உங்க வீட்டுக்காரர் குரல் எங்க குழாய்ல வருது."

"என்ன குரல்?"

"ஏலேலோன்னு பாட்டு. தண்ணி வேற அலை மாதிரி ஒரு தடவை பொங்குது, ஒரு தடவை உள்வாங்குது. வாய் கொப்பளிச்சா உப்புக் கரிக்குது."

உப்பு என்றதும் இவள் துடைப்பத்தை எடுத்தாள். மாடிக்கு நாலு என்று வசவுகளை அடுக்கிக்கொண்டே ஏறினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது இருபதும் கைவசம் இருந்தன. தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறினால், மூடி திறந்து கிடந்தது. அதன் வழியாக ஒரு மின்கம்பி உள்ளே போயிற்று. எட்டிப் பார்த்தாள்.

உள்ளே அவளுடைய கட்டில் மிதந்துகொண்டிருந்தது. தலைமாட்டுப் பலகையில் செதுக்கிய மயில் முன்னால் நிற்க, நீலப் பூ விரிப்பு பாயாகப் புடைத்திருக்க, மூடியோரம் கட்டிய மேசை விசிறி காற்றடிக்க, நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார் மோட்டார்காரர்.

துடைப்பம் கைநழுவித் தண்ணீரில் விழுந்தது. இருபது வசவில் ஒன்றுகூடப் படகுக்குப் பொருந்தவில்லை.

"என்னங்க இது?"

"படகும்மா."

"அது தெரியுது."

"சின்ன வயசு ஆசை. கடலுக்குப் போலாம்னா லீவு கிடையாது. தண்ணி இங்கயே இருக்கு, ஏத்தறவனும் நான்தான். ஒன்பது மணிக்கு எல்லாரும் குளிச்சு முடிச்சா தரைதட்டிடும். அதுவரைக்கும் ஓட்டலாம்."

"உப்பு?"

"உப்பு இல்லாம அது என்ன கடல்?"

அவள் இரண்டடி அகல மூடித் துவாரத்தைப் பார்த்தாள். "இத முழுசா வெளிய எப்படி எடுப்பீங்க?"

அவர் துவாரத்தைப் பார்த்தார், படகைப் பார்த்தார், மறுபடி துவாரத்தைப் பார்த்தார். ஒரு வருஷமாக அது அவருக்குத் தோன்றவே இல்லை.

"எடுக்க முடிஞ்சிருந்தா எங்க போயிருப்பீங்க?"

"திரும்பி வராத தூரம்" என்றார், இனி மறைக்க ஒன்றுமில்லாத மனுஷன்.

படகில் உட்கார ஒரே ஒரு பலகைதான் இருந்தது. அதை அப்போதுதான் கவனித்தாள். சின்ன வீடு என்று நினைத்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

"ரெண்டு பேர் படுத்த கட்டிலுங்க அது. அதுல ஒரு ஆளுக்குத்தான் இடம் வச்சிருக்கீங்க."

"உனக்குத் தண்ணின்னா பயமாச்சேம்மா."

"எப்பக் கேட்டீங்க?"

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தைத் துழாவிப் பார்த்தார். எங்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

"இறங்குங்க" என்றாள்.

அவர் உள் ஏணியைப் பற்றிக்கொண்டு மேலே வந்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகி இறங்கினாள். படகு ஒருமுறை குலுங்கியது, அவள் குலுங்கவில்லை. எதிர்ச் சுவர் வரை பாய் கொண்டுபோனது. அதைத் தொட்டுவிட்டு, மிதந்துகொண்டிருந்த துடைப்பத்தை எடுத்துத் துடுப்புப் போட்டுத் திரும்பினாள். எட்டு நிமிஷம். அவருக்கே ஒன்பது ஆகும்.

"போதும்மா, ஏறி வா. நான் ஒரு சுத்து..."

"அடியில தட்டுது. போய் மோட்டாரப் போடுங்க."

அவர் ஐந்து மாடியும் இறங்கி வந்து சுவிட்சைப் போட்டார். வழியில் வீட்டுக்கு வீடு ஆட்கள் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். நாற்பது குழாயிலும் ஏலேலோ கேட்டது. இருபத்தாறு வருஷத்தில் அவள் பாடி அவர் கேட்டதில்லை.

பாட்டு சட்டென்று நின்றது. அவர் மோட்டார் பக்கத்துக் குழாயை நெருங்கினார்.

"என்னங்க" என்றது குழாய். "வரும்போது உப்பு எடுத்துட்டு வாங்க. அப்படியே ஒரு பலகையும்."