சீட்டில்லாத சுமை

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேஸ்திரியின் போன் ஒரு தரம் சிணுங்கியது. இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு சுவரோரம் சாய்ந்திருந்தவர், கையை மட்டும் நீட்டி அதை எடுத்தார். நாற்பத்தெட்டாயிரம் அவர் கணக்கில் விழுந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்திருப்பார்கள். மேஸ்திரி நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவர். கண்ணில் பட்டதைக் கடைசி எழுத்து வரைக்கும் படிக்காமல் விடமாட்டார். மருந்து டப்பாவின் அடியில் இருக்கிற பொடி எழுத்துகூடத் தப்பாது. "அதை யார் படிக்கச் சொன்னா, மாத்திரையை முழுங்குங்க" என்று மனைவி திட்டுவாள். இன்றும் உதட்டை அசைத்து அசைத்துக் கீழே இறங்கினார். பணம் அனுப்பியவர் கடைசியில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்.

'வீட்டு அட்வான்ஸ். தையல் கடை அக்கா. சாவி எப்போ தருவீங்க?'

இரண்டாம் தரம் படித்தார். பிறகு இன்னொரு தரம். எந்த வீடு? யாருக்குச் சாவி?

மேஸ்திரி இருபத்திரண்டு வருடமாகக் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். அவருக்குக் கீழே எட்டு ஆட்கள். மூன்று வாரத்துக்கு முன் லாரிப் பலகையில் கால் வழுக்கி, தோளில் மூட்டையோடு தொப்பென்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு மாதம் குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்களை இப்போது மனைவியின் தம்பி மேய்க்கிறான். எட்டுப் பேரில் அவன் ஒருத்தன். கிடங்கு முழுக்க அவனுக்கு நெட்டை என்றுதான் பேர். ஆனாலும் வாரக்கூலி எட்டுப் பேருக்கும் சேர்த்து மேஸ்திரி கணக்குக்குத்தான் வரும். அவர்தான் பிரித்துக் கொடுப்பார். மேஸ்திரி பங்கு என்று நூற்றுக்கு ஐந்து அவரிடம் நிற்கும். எல்லாருக்கும் தெரிந்த வழக்கம், யாரும் முகம் சுளித்ததில்லை.

படுத்துக் கிடந்த பத்தாம் நாள் அந்தச் செய்தி வந்தது. வீட்டிலிருந்தே வேலை, பணப் பட்டுவாடா உதவியாளர், படிப்பு தேவையில்லை, வங்கிக் கணக்கும் போனும் இருந்தால் போதும். பதில் போட்டதும் ஒரு பெண் பேசினாள். மேடம் என்று கூப்பிட்டால் போதும் என்றாள். இயந்திரங்களுக்கு உதிரிப் பாகம் விற்கிற கம்பெனியாம். வாங்குகிறவர்கள் பணம் அவர் கணக்குக்கு வருமாம். நூற்றுக்கு ஆறு எடுத்துக்கொண்டு மீதியை அவள் சொல்கிற கணக்குக்குத் தள்ளிவிட வேண்டுமாம். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஒரு கணக்குக் கிடையாதா என்று வேறொருவன் கேட்டிருப்பான். மேஸ்திரிக்கு அது தோன்றவே இல்லை. பிறர் பணம் தன் கணக்கில் வந்து, தன் பங்கு போகப் பிரிந்து போவதுதானே அவருக்குத் தெரிந்த பிழைப்பு. முகத்தைப் பார்க்காமல், ஒரு கேள்வி கேட்காமல் வேலை கொடுக்கிறார்களே என்பதும் உறைக்கவில்லை. அடையாள அட்டையையும் பாஸ்புத்தகத்தையும் படம் பிடித்து அனுப்பச் சொன்னாள், அனுப்பினார். அவள் வாய்க்கு வாய் சார் போட்டாள். அதுவரை அவரை யாரும் சார் என்றதில்லை.

மனைவிக்கு மட்டும் அது ஒட்டவில்லை. அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறவள். "ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து முதுகு போனவங்களை தினம் பாக்கறேன். முதுகு போனதுக்கப்புறம் ஆபீஸ் வேலை கெடைச்ச ஆளை இப்பதான் பாக்கறேன்" என்றாள். மேஸ்திரி சிரித்து மழுப்பிவிட்டார்.

போன வாரம் பன்னிரண்டாயிரம் வந்தது. எழுநூற்று இருபதை நிறுத்திக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டார். அந்த எழுநூற்று இருபதில் மாத்திரை வாங்கினார்கள், கரண்ட் பில் கட்டினார்கள். மேடம் பாராட்டினாள். உங்களைப் போல நம்பிக்கையான ஆள் இருந்தால் சொல்லுங்கள், ஆளுக்கு ஆயிரம் தருகிறோம் என்றாள். ஆள் சேர்த்துக் கொடுப்பதுதானே மேஸ்திரி வேலை. யோசிக்காமல் நெட்டையின் நம்பரைக் கொடுத்தார். முந்தாநாள்தான் அவனும் தன் பாஸ்புத்தகத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான்.

இப்போது போன் அடித்தது. மேடம்தான். பணம் வந்துவிட்டதா, அரை மணி நேரத்தில் மூன்று துண்டாக மூன்று கணக்குக்குப் போட வேண்டும், எண்களை அனுப்புகிறேன் என்று வேகமாகச் சொன்னாள்.

மேஸ்திரி மெல்லக் கேட்டார். "மேடம், இதுல சாவி கேட்டு எழுதியிருக்காங்களே. உதிரிப் பாகம்னு சொன்னீங்க."

அவள் சிரித்தாள். "அது கஸ்டமர் தப்பா எழுதினது சார். அதையெல்லாமா படிப்பாங்க? நீங்க அனுப்புங்க. பேங்க்ல யாராவது கேட்டா, சொந்தக்காரங்க குடுத்த பணம்னு சொல்லிடுங்க."

அந்தக் கடைசிப் பேச்சு காதில் முள்ளாக ஏறியது. கிடங்கில் ஒவ்வொரு சுமைக்கும் ஒரு சீட்டு உண்டு. எங்கிருந்து வந்தது, யாருக்குப் போகிறது, உள்ளே என்ன, எல்லாம் அதில் இருக்கும். ஒரு தடவை ஒரு லாரிக்காரன், "சீட்டு பின்னாடி வரும், யாராவது கேட்டா வெங்காயம்னு சொல்லுங்க" என்றான். மேஸ்திரி ஆட்களைப் பலகையிலிருந்து இறங்கச் சொல்லிவிட்டார். பொய்யையும் சேர்த்துத் தூக்கச் சொல்கிறவனின் மூட்டையை அவர் கூட்டம் தொடாது. அந்த மேஸ்திரி எங்கே போனான் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். தையல் கடை அக்கா யாரோ, மிஷினை மிதித்து மிதித்துச் சேர்த்த பணம். இல்லாத வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டுச் சாவிக்குக் காத்திருக்கிறாள்.

"உங்க ஆபீஸ் எங்கேன்னு சொல்லுங்க மேடம். நேர்ல வந்து குடுத்துடறேன்" என்றார்.

அதற்குப் பிறகு சார் காணாமல் போனது.

"யோவ், உன் கார்டு எங்ககிட்ட இருக்கு. போன வாரப் பணம் உன் கையாலதான் போயிருக்கு. போலீஸ் தேடினா யாரைத் தேடும்? அரை மணி நேரம்."

போன் அணைந்தது. தெருவில் ஒரு வண்டி நின்றதும் மேஸ்திரி வாசலைப் பார்த்தார். அடுத்த நிமிடமே அவருடைய அடையாள அட்டையின் படம் போனுக்கு வந்து விழுந்தது. கீழே ஒரு வார்த்தையும் இல்லை. அவர் முகம் அவரையே பார்த்தது.

நெட்டை ஞாபகம் வந்ததும் அவனைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? போனைப் பார்த்துக்கொண்டே ஒருத்தன் பலகையிலிருந்து விழுந்ததற்குப் பிறகு, கிடங்கு வாசலில் எல்லாருடைய போனையும் வாங்கித் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். சாவி வாட்ச்மேனிடம் இருக்கும். ஐந்து மணிச் சங்கு ஊதினால்தான் பெட்டி திறக்கும்.

கிடங்குக் குமாஸ்தாவைக் கூப்பிட்டு, நெட்டையை ஒரு நிமிடம் வாசலுக்கு அனுப்பச் சொன்னார். லாரி பதினொன்று வரிசையில் நிற்கிறது, சங்கு ஊதட்டும் என்றார் குமாஸ்தா. சரி, இந்த வாரக் கூலியையாவது என் கணக்குக்குப் போடாதீர்கள் என்று கெஞ்சினார். "நாளைக்கு லீவு மேஸ்திரி, அதான் இன்னிக்கே கூலி. இப்பதான் போட்டுட்டேன்" என்றார் அவர். சொல்லி வாய் மூடும் முன்னே போன் சிணுங்கியது. எட்டு வீட்டு அடுப்பு அந்தக் கணக்குக்குள் வந்து விழுந்துவிட்டது.

அவர் போன் போட்டதும் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து பதறிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. எல்லாவற்றையும் கேட்டாள். மேடத்தின் போன் அதற்குள் ஒன்பது தடவை அடித்து ஓய்ந்திருந்தது.

"கூலியை மட்டும் உன் தம்பி கணக்குக்குத் தள்ளிட்டு, அப்புறம் பேங்க்ல போய் சொல்லிடட்டுமா? ஆளுங்க பாவம்."

"இந்தக் கணக்குல இருந்து இப்ப எது வெளிய போனாலும் திருட்டுப் பணம்னுதான் பாப்பாங்க. அவனையும் இழுத்து விடணுமா?"

"ஏற்கெனவே இழுத்து விட்டுட்டேன்" என்றார் மேஸ்திரி. நெட்டையின் நம்பரைக் கொடுத்த விஷயத்தை அப்போதுதான் சொன்னார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, அவர் செருப்பை எடுத்து அவர் காலருகே போட்டாள். "எந்திரிங்க" என்றாள்.

வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் முதலில் அசுவாரசியமாகத்தான் கேட்டாள். மேஸ்திரி குறிப்பைக் காட்டியதும் நிமிர்ந்தாள். இந்தப் பணத்தை அனுப்பினீர்களா என்றாள். இல்லை என்றார். இதற்கு முன்? இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று மேஸ்திரியின் மனம் அடித்துக்கொண்டது. மனைவி அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"போன வாரம் ஒண்ணு அனுப்பினேம்மா."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "உங்க கணக்குல வாங்கி இன்னொருத்தருக்குத் தள்ளச் சொன்னா அது வேலையே இல்லைங்க. யாரையோ ஏமாத்தின பணம் உங்க பேர்ல நடந்து போகுது. நிஜக் கம்பெனி தன் பணத்தைத் தன் கணக்குலதான் வாங்கும்."

கணக்கை இப்போதே பூட்டுகிறோம் என்றாள். வந்த பணத்தை நீங்களாகத் திருப்பி அனுப்பவும் வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். மிரட்டல் எதையும் அழிக்காதீர்கள், அதுதான் உங்களுக்குச் சாட்சி. எழுநூற்று இருபதைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். போலீசில் நீங்களே போய் எழுதிக் கொடுங்கள். உள்ளே ஆட்கள் கூலி இருக்கிறதே என்றார் மேஸ்திரி. எப்போது திறக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். ஒரு துண்டுத்தாளில் மோசடிப் புகார் நம்பரை எழுதினாள். எந்த நேரமும் எடுப்பார்கள் என்று சொல்லி நீட்டினாள். மேஸ்திரி சட்டைப் பையில் அதை வைத்து, இருக்கிறதா என்று மூன்று தரம் தொட்டுப் பார்த்தார்.

பூட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது அவர்தான். எட்டுப் பேர் கூலிக்கும் சேர்த்து.

போலீசுக்குப் போகும் முன் நெட்டையை நிறுத்தியாக வேண்டும். ஆட்டோவின் ஒவ்வொரு குலுக்கலும் முதுகில் ஆணி அடித்தது. கிடங்கு வாசலில் இறங்கியபோது ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. உள்ளே லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது. வாட்ச்மேன் அவரைப் பார்த்து, "முதுகு சரியாயிடுச்சா மேஸ்திரி?" என்று விசாரித்தான். பிறகு தகரப் பெட்டியைக் காட்டினான். "ரெண்டு மணியில இருந்து உள்ள ஒண்ணு துடிச்சுக்கிட்டே கெடக்கு. யார் வீட்ல என்ன அவசரமோ."

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெட்டி மறுபடி அதிர்ந்தது. தகரத்தில் கரப்பான் பூச்சி நூறு ஓடுவதுபோல ஒரு சத்தம். நின்றது. மூச்சு விடுவதற்குள் மறுபடி ஆரம்பித்தது. மேஸ்திரி பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். அந்த நடுக்கம் தோள் வரைக்கும் ஏறியது.

சங்கு ஊதியது. ஆட்கள் தலைத்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். சம்பள நாள் முகம் எல்லாருக்கும். நெட்டை முன்னால் வந்தான். "என்ன மாமா, கூலியைக் கையோட கொண்டாந்துட்டீங்களா?" என்றவன், அக்காவையும் பார்த்துக் குழம்பி நின்றான்.

வாட்ச்மேன் பெட்டியைத் திறந்தான். நெட்டை போனை எடுத்தான். தவறிய அழைப்பு இருபத்தாறு. அவன் முகம் மலர்ந்தது. "மாமா, விழுந்துடுச்சு. முப்பத்தஞ்சாயிரம். மேடம் உடனே அனுப்பச் சொல்லியிருக்கு, பாருங்க" என்று கட்டைவிரலைக் கொண்டுபோனான்.

மேஸ்திரி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். மூட்டை தூக்கிய பிடி.

"கீழ எழுதியிருக்கும். படி."

"எங்க? இதுவா? 'பையனோட காலேஜ் சீட்டுக்கு'ன்னு இருக்கு. அதுக்கென்ன?"

"உதிரிப் பாகம் வாங்கறவன் காலேஜ் சீட்டுன்னு ஏன்டா எழுதறான்?"

நெட்டை குறிப்பை மறுபடி படித்தான். அவன் கண் மெதுவாகப் பெரிதாவதை மேஸ்திரி பார்த்தார். காலையில் தன் முகமும் இப்படித்தான் ஆகியிருக்கும். மற்ற ஏழு பேரும் சுற்றி நின்றுவிட்டார்கள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், எழுநூற்று இருபது உட்பட. யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"அப்ப நம்ம கூலி, மேஸ்திரி?"

"கணக்கு பூட்டிக் கெடக்கு. எப்பத் தெறப்பாங்கன்னு தெரியல. பூட்டச் சொன்னது நான்தான்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒருத்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான்.

நெட்டையின் கையில் போன் மறுபடி அதிர்ந்தது. மேடம். மேஸ்திரி அதை வாங்கித் திரையைக் கீழே கவிழ்த்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார், எடுக்கவுமில்லை, அணைக்கவுமில்லை. மற்றக் கையால் சட்டைப் பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்துத் தன் போனை நெட்டையிடம் நீட்டினார்.

"நான் சொல்றேன், நீ அமுக்கு. உனக்கு வந்த பணத்தைச் சொல்லிட்டு, நேரா ஸ்டேஷனுக்கு. நானும் வரேன்."

எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். நெட்டை ஒரு தடவை தப்பாக அமுக்கினான், மறுபடி முதலிலிருந்து படித்தார். ஒரு கையில் மேடம் துடித்துக்கொண்டிருந்தாள். நெட்டையின் காதில் இன்னொரு மணி அடிக்க ஆரம்பித்தது. ஆட்கள் எட்டுப் பேரில் ஒருத்தரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. அந்தப் பக்கம் யாராவது எடுப்பார்கள் என்று எல்லாரும் நின்றார்கள்.